ஷட்டருக்கு இந்தப் பக்கம்

லெஸ்டர்
3 ஜூன் 2024

அன்புக் காக்காவுக்கு,

தங்கை ஃபக்ருன்னிசாவின் ஸலாம். உங்களுக்கும் மதினிக்கும் உடம்பு எப்படி? யாங்கோனில் மழை தொடங்கியிருக்கும். தாமுவேயில் நம் தெரு முழங்கால் வரை நிற்கும், நீங்கள் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அரிசி மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். மழைநாள் இருமலுக்கு வைத்தியரிடம் காட்டுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

ராணுவச் சாவடிகளில் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள், அதில் எதுவும் எழுதாதே என்றீர்கள். அதனால் காகிதம். அமீர் அலி பாய் சென்னைக்கு மருந்து வாங்க வரும்போதெல்லாம் அங்கே தபாலில் வரும் என் கடிதத்தை எடுத்துவந்து தருவதாகவும், உங்களுடையதை அங்கிருந்து தபாலில் போடுவதாகவும் சொல்லியிருக்கிறார். அவருக்கு என் துஆ.

ஒரு செய்தி, சிரிக்கக் கூடாது. நான் பார்லிமெண்ட் தேர்தலில் நிற்கிறேன். ஆமாம், சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிற உங்கள் தங்கைதான். எங்களுடையது சின்னக் கட்சி, பழைய லிபரல் கொள்கை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி மூன்று விஷயம் சொல்கிறேன். வெளிநாட்டு அரிசிக்கும் மற்றச் சாப்பாட்டுச் சாமானுக்கும் போடுகிற சுங்க வரியை எடு. விலையை விற்பவனும் வாங்குபவனும் பேசித் தீர்க்கட்டும், சர்க்கார் நடுவில் வர வேண்டாம். யாராக இருந்தாலும் சட்டத்துக்குக் கீழே.

"அப்போ ராஜா மட்டும் எதுக்கு?" என்று ஒரு பையன் கேட்டான். "அந்த நாற்காலியில் அதிகாரம் இல்லாத ஒருவர் உட்கார்ந்திருப்பதால்தான் அதிகாரம் உள்ள யாரும் அதில் ஏறி உட்கார முடியவில்லை" என்றேன். கைதட்டினார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியவில்லை.

கூட்டங்களில் பெயர் சொல்லாமல் உங்களைப் பற்றிப் பேசுகிறேன். "என் அண்ணன் ஒரு அரிசி வியாபாரி. இந்தக் கொள்கையைப் புத்தகத்தில் படித்தவரில்லை, தினமும் நடத்துகிறவர்" என்கிறேன்.

கடை நிலவரத்தை விவரமாக எழுதுங்கள்.

உங்கள் நலத்தையே கேட்டு நிற்கும்
ஃபக்ரு


தாமுவே, யாங்கோன்
24 ஜூன் 2024

அன்புத் தங்கை ஃபக்ருவுக்கு,

காக்கா பர்கத்துல்லாவின் ஸலாமும் துஆவும். உன் கடிதம் பத்திரமாக வந்தது. நாங்கள் சுகம். வலது கையில் கொஞ்சம் சுளுக்கு, மூட்டை தூக்கும்போது வந்தது. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் மதினி எழுதுகிறாள். எழுத்துப் பிழைக்கு அவள்தான் பொறுப்பு.

நீ தேர்தலில் நிற்பதைப் பள்ளிவாசலில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை வர இரண்டு நாள் ஆனது.

இங்கே அரிசி விலை ஏறிவிட்டது. ஐராவதிப் பக்கம் சண்டை, லாரிக்கு வழியில் பத்து இடத்தில் வசூல், டீசல் கிடையாது. மேலிடத்தில் ஒரு விலை போட்டுத் தாளில் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த விலைக்கு ஆலைக்காரனே தர மாட்டான். வாங்கின விலைக்குக் கீழே விற்றால் அடுத்த மாதம் கடை இருக்காது. ஆகவே என் விலைக்கு விற்றேன். எல்லாரும் அப்படித்தான் விற்கிறார்கள்.

போன வாரம் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். பெரிதாக ஒன்றுமில்லை.

உன் ராஜா விஷயம். நீ சொன்னது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் ராஜாவின் ஆட்கள்தானே எங்கள் கடைசி ராஜாவை மண்டலேயிலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள்? நாற்காலியைக் காலியாக விட்டுப் போனார்கள். அதில் துப்பாக்கி வந்து உட்கார்ந்தது. அதையும் அந்தப் பையனிடம் சொல்.

கூட்டத்தில் என்னைப் பற்றிப் பேசாதே. நல்ல பேச்சுக்கு நான் ஆள் இல்லை.

குளிரில் தலைக்குத் துணி கட்டிக்கொள்.

உன் காக்கா
பர்கத்துல்லா


தாமுவே
25 ஜூன் 2024

ஃபக்ரு, மதினி சஜிதா எழுதுகிறேன். ஸலாம்.

நேற்றுக் கடிதத்தை மூடிக் கொடுத்துவிட்டார். இதை அமீர் அலி காக்காவிடம் நான் தனியாகக் கொடுக்கிறேன். இவருக்குத் தெரியாது.

சுளுக்கு இல்லை. கையை நசுக்கிவிட்டார்கள்.

வார்டு அதிகாரி ஊ தெய்ன் ஹான் நாலைந்து சிப்பாய்களோடு வந்தான். கடையிலிருக்கிற அரிசி முழுவதையும் சர்க்கார் விலைக்கு இப்போதே விற்கணும் என்று மைக்கில் கூப்பிட்டான். தெருவே ஓடி வந்தது. யார்தான் வரமாட்டார்கள்? வரிசை நெருக்கியடித்துக் கடைக்குள் சரிந்தது. ஒரு சிப்பாய், மீசைகூட முளைக்காதவன், பயந்துபோய்ச் சுட்டுவிட்டான்.

ராணி அக்காவைத் தெரியும்தானே? ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலேறி இன்சீன் சந்தைக்குப் பலகாரம் கொண்டுபோய் விற்பாளே. வரிசையில் முன்னால் நின்றாள். கழுத்தில் பட்டது. பிரித்து வைத்த போசான் அரிசி மூட்டை மேலேயே விழுந்தாள். இவர் அவள் கழுத்தைத் தன் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார். விரலுக்கு நடுவே பீய்ச்சி வந்தது. அவள் இவரையே பார்த்துக்கொண்டு இருந்தாள், பிறகு பார்க்கவில்லை.

தெய்ன் ஹான் வந்து பார்த்தான். "மேலரிசியை அள்ளிக் கொட்டிட்டு மீதியை விற்க ஆரம்பி" என்றான். இவர், "மாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் ஃபக்ரு. கல்லா மேஜையில் இவர் கையை விரித்துப் பிடிக்கச் சொல்லி, பருப்பு நிறுக்கிற ஐந்து வீசை எடைக்கல்லை எடுத்து அவனே போட்டான். மூன்று தடவை.

நடு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மற்றது மடங்காது.

உனக்குச் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினார். நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

சஜிதா


லெஸ்டர்
21 ஜூலை 2024

அன்புக் காக்காவுக்கு,

ஸலாம். சுளுக்குக்கு என்ன தைலம் போடுகிறீர்கள்?

இப்படி எழுதத்தான் மதினி சொன்னார். என்னால் முடியவில்லை. தெரியும் காக்கா. ராணி அக்காவும் தெரியும், உங்கள் விரலும் தெரியும். மதினியைத் திட்டாதீர்கள்.

நான் தோற்றேன். கட்டின பணமும் போய்விட்டது. எண்ணும்போது மண்டபத்தில் நின்றுகொண்டு உங்கள் கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெயித்தவர் வந்து கை கொடுத்தார். "நன்றாகப் போராடினீர்கள்" என்றார். இந்த நாட்டில் இதற்குப் பெயர் போராட்டம்.

போன வாரம் பார்லிமெண்ட் திறப்பு விழா. ராஜா மேல் சபையில் உட்கார்ந்து, கீழ்ச் சபையை அழைத்துவரத் தன் ஆளை அனுப்புவார். அந்த ஆள் வருவதைப் பார்த்ததும் கீழ்ச் சபைக் கதவை அவர் முகத்திலேயே அடிப்பார்கள். அவர் தடியால் மூன்று முறை தட்டி, அனுமதி கிடைத்தால்தான் உள்ளே வர முடியும். சடங்குதான். ஆனால் வருடாவருடம் என் மாணவர்களுக்கு இதைக் காட்டுவேன். ராஜாவானாலும் தட்டித்தான் வர வேண்டும், கதவு உள்ளே இருப்பவனுடையது. இந்த முறை பார்க்கும்போது அழுகை வந்தது.

சட்டம் இருக்கிற நாட்டில் ராணி அக்காவைச் சுட்டவனும், சுடக் கூட்டி வந்தவனும் கோர்ட்டில் நிற்பார்கள். பார்த்தவர்கள் பயமில்லாமல் சாட்சி சொல்வார்கள்.

வந்துவிடுங்கள். பினாங்கில் நம் ஆட்கள் இருக்கிறார்கள், முதலில் அங்கே. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். கடையைப் பூட்டிச் சாவியைத் தூக்கிப் போடுங்கள்.

உங்கள் கையை முத்தமிடும்
ஃபக்ரு


தாமுவே
19 ஆகஸ்ட் 2024

ஃபக்ருவுக்கு,

ஸலாம். கோழி கிறுக்கியது போல் இருக்கிறதா? இடது கையால் நானே எழுதுகிறேன். மதினியைத் திட்டவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

உங்கள் ஊரில் கதவை முகத்தில் சாத்தினாலும் ராஜாவின் ஆள் சிரித்துக்கொண்டு தட்டுகிறாரே, அதுதான் எனக்கு ஆச்சரியம். கதவு உள்ளே இருப்பவனுடையது என்கிறாய். சரி. இங்கே யாரும் தட்டுவதில்லை.

தெய்ன் ஹான் தினமும் சாயங்காலம் எதிரே மோகனின் டீக்கடையில் வந்து உட்காருகிறான். மோகனை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு கடை போட்டவர். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின்காரர், நல்ல மனிதர். தெய்ன் ஹானுக்குத் தேநீர் ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவார்.

முந்தாநாள் அவன் என் கடைக்கு வந்தான்.

"கோ பர்கத், கை எப்படி?"

"இருக்கிறது."

"எனக்கு உங்கள் மேல் கோபம் கிடையாது. மேலே இருந்து என்னைக் கேட்கிறார்கள், நான் உங்களைக் கேட்கிறேன். என் பெண்ணுக்குக் கல்யாணம் வருகிறது. நல்ல போசானாக இரண்டு மூட்டை போடுங்கள். சர்க்கார் விலைக்கு."

போட்டேன் ஃபக்ரு. மூட்டையை அவன் ஆள் தூக்கும்போது, நல்லபடி நடக்கட்டும் என்றுகூடச் சொன்னேன். அவனைக் கொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. தொழுகையில் நிற்கும்போதும் தோன்றுகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

பினாங்குக்கு வரவில்லை. ஊரில் மூன்று கடை மூடியாகிவிட்டது. நானும் போனால் இந்தத் தெரு எங்கே போய் வாங்கும்? கொள்கை என்று நினைத்துக்கொள்ளாதே. வேறு தொழில் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். தோற்றதற்கு வருத்தப்படாதே. தோற்ற பிறகு வீட்டுக்குப் போகலாம் என்பது பெரிய விஷயம்.

காக்கா


லெஸ்டர்
17 செப்டம்பர் 2024

காக்கா, மதினி இருவருக்கும் ஸலாம்.

அவசரமாக எழுதுகிறேன். இணையத்தில் ஒரு துண்டுச் செய்தி பார்த்தேன். தாமுவேயில் பட்டப்பகலில் ஒரு வார்டு அதிகாரியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்களாம். பெயர் போடவில்லை. படத்தில் பச்சைப் பலகை மாட்டின டீக்கடை தெரிகிறது, மழைத் தண்ணீர், பாதி மறைத்த ஒரு உடம்பு. பின்னால் இருப்பது நம் கடை ஷட்டர் மாதிரி இருக்கிறது.

நலமாக இருக்கிறீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

ஃபக்ரு


தாமுவே
29 செப்டம்பர் 2024

ஃபக்ரு,

ஸலாம். நாங்கள் நலம். நீ பயப்படாதே.

செத்தது ஊ தெய்ன் ஹான்தான். சம்பவம் நடக்கும்போது நம் கடை பூட்டியிருந்தது. இவர் வீட்டில் படுத்திருந்தார். நாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மோகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் கடையில் வைத்துத்தானே சுட்டார்கள். சுடுகிற நேரத்தில் மட்டும் நீ எப்படிக் கடையில் இல்லாமல் போனாய் என்று கேட்கிறார்களாம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அவர் பெண்சாதி ஆபீஸ் ஆபீஸாக அலைகிறாள்.

இவருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. சாப்பாடும் குறைந்துவிட்டது. கைவலி.

உனக்கு அங்கே குளிர் வந்துவிட்டதா?

சஜிதா


தாமுவே
10 அக்டோபர் 2024

ஃபக்ருவுக்கு,

ஸலாம். உன் மதினி உனக்கு எழுதினது பொய். நான் சொல்லி எழுதியது.

நான் கடையில்தான் இருந்தேன். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். நல்ல மழை, தெருவில் ஆள் இல்லை. மோகன் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று என் கடைக்கு வந்தார். கட்டிக்கொண்டிருக்கும்போது பட்டாசு மாதிரி இரண்டு சத்தம், நிறுத்தி ஒன்று. ஒரே குடையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் டீக்கடையிலிருந்து இறங்கி நடந்தே போனார்கள். ஓடக்கூட இல்லை. இந்தத் தெருவில் பார்த்திராத முகங்கள்.

தெய்ன் ஹான் நாற்காலியோடு சாய்ந்து கிடந்தான். செத்துவிட்டான் என்று நினைத்தேன். சாகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான், விழுந்தான், தவழ்ந்தான். என் கடையைப் பார்த்துத்தான் தவழ்ந்தான். தெருவில் திறந்திருந்தது அது ஒன்றுதான். தண்ணீர் அவனுக்குப் பின்னால் சிவப்பாக விரிந்துகொண்டே வந்தது.

நான் ஷட்டரை இழுத்து விட்டேன்.

கொக்கியை மாட்ட வலது கை உதவவில்லை. அதனால் கீழ்க்கம்பி மேல் காலை வைத்து ஏறி நின்றுகொண்டேன். அவன் வந்து சேர்ந்தான். தட்டினான்.

"கோ பர்கத்! நான்தான். திறங்க!"

மோகன் என் தோளைப் பிடித்து இழுத்தார். "பாய், திறங்க பாய். உசிரு இருக்கு. தூக்கிட்டு ஓடிரலாம்."

"வாயை மூடு" என்றேன்.

"பாவம் பாய், பொண்ணுக்குக் கல்யாணம் பாய்..."

நான் காலை எடுக்கவில்லை. என்னைவிட அவர் பலசாலி. தள்ளியிருந்தால் விழுந்திருப்பேன். என் மேல் வைத்த மரியாதையால் தள்ளவில்லை. இடுக்கு வழியாக ரத்தம் வந்தது, சூடாக, என் பாதம் நனைந்தது. அவன் கோ பர்கத் கோ பர்கத் என்று ரொம்ப நேரம் சொன்னான். பிறகு என் பெயரை விட்டுவிட்டு "அமே, அமே" என்று தன் அம்மாவைக் கூப்பிட்டான். அப்போதும் நின்றேன். ராணி அக்காவை நினைத்துக்கொண்டேன். அவளை நினைத்தால் நியாயமாக இருக்கும் என்று வேண்டுமென்றே நினைத்துக்கொண்டேன்.

சத்தம் நின்ற பிறகு இருவரும் பின்வாசல் வழியாகப் போனோம்.

போன வாரம் மோகன் மனைவி வந்தாள். "பாய், அந்த நேரம் அவர் சர்க்கரை வாங்க உங்க கடைக்குத்தானே வந்தார்?" என்றாள். "எனக்குத் தெரியாதும்மா. நான் வீட்டில் இருந்தேன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சரி பாய் என்று போய்விட்டாள்.

மோகனை இத்தனை நாளாக அடிக்கிறார்கள். எங்கே இருந்தாய் என்ற ஒரே கேள்விதான். பர்கத் பாய் கடையில் இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிப்பார். அவர் சொல்லவில்லை ஃபக்ரு. சொல்லியிருந்தால் என்னிடம் வந்திருப்பார்களே.

நாளை ஜும்ஆ முடிந்ததும் ராணுவ ஆபீஸுக்குப் போகிறேன். மோகன் என்னோடு இருந்தார், சுட்டவர்கள் வேறு ஆட்கள், ஷட்டரை அடைத்தது நான். இதைச் சொல்லப்போகிறேன். பயமில்லாத சாட்சி என்று எழுதியிருந்தாயே, எனக்குப் பயம் நிறைய இருக்கிறது.

பிழை பொறுத்துக்கொள்.

காக்கா


லெஸ்டர்
27 அக்டோபர் 2024

காக்கா,

போகாதீர்கள்.

இந்தக் கடிதம் உங்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று பிச்சை கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். சேராது என்றும் தெரிகிறது. போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

நான் சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள். சாட்சி, சட்டம், கோர்ட், எல்லாம் இந்த ஊர் நனையாத மண்டபத்தில் நின்று பேசுகிற பேச்சு. அங்கே சட்டம் இல்லை, நீங்கள் மட்டும் எதற்கு அதன்படி நடக்க வேண்டும்? உங்களை யாரும் பார்க்கவில்லை. மோகன் சொல்லவில்லை என்றால் இனியும் சொல்ல மாட்டார். அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் நான் படிக்க வைக்கிறேன். அவர் குடும்பத்தை ஆயுளுக்கும் தாங்குகிறேன்.

என்ன எழுதுகிறேன் என்று எனக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். எனக்கு நீங்கள் வேண்டும். வேறு எந்தக் கொள்கையும் எனக்கு இல்லை.

ஃபக்ரு


தாமுவே
25 நவம்பர் 2024

ஃபக்ரு, ஸலாம்.

உன் கடிதம் வந்தபோது இவர் போய் நாலு வாரம் ஆகியிருந்தது. படித்தேன். நீ எழுதினதையேதான் நான் அன்றைக்கு வாசல்படியில் நின்று கத்தினேன்.

நானும் கூடவே போனேன். சுவரோரப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கேப்டன் வயதில் சின்னவன், வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். இவர் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, கால் வைத்ததைக்கூட.

கேப்டன் கேட்டான்: "நீ சுட்டியா?"

"இல்லை."

"சுட்டவர்களைத் தெரியுமா?"

"தெரியாது. முகம் பார்த்தேன், இந்தத் தெரு ஆட்கள் இல்லை."

"கடை உன்னுடையதா?"

"என்னுடையது."

"உன் கடை, உன் கதவு. அடைச்சதுக்கு எந்தச் சட்டத்தில் உன்னைப் பிடிக்க? இதைச் சொல்லவா மழையில் வந்தாய்?" பக்கத்தில் இருந்தவன் சிரித்தான்.

அடிப்பார்கள், சுடுவார்கள் என்று நினைத்துத்தான் இவர் போனார். பெரிய பாரத்தைத் தூக்கிக் கொடுக்கப் போய், வாங்க ஆளில்லாமல் நிற்கிற மாதிரி நின்றார்.

அப்புறம் கேப்டன் தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டான்: "பர்கத்துல்லா, அரிசிக்கடை. ஜூன் மாசம் சர்க்கார் விலைக்கு மேலே விற்றாயா?"

"விற்றேன்."

அங்கேயே விலங்கு மாட்டினார்கள். நசுங்கின கையில் மாட்டும்போது முதல்முறையாகக் கத்தினார். பத்து நாள் வைத்து அடித்தார்கள். பிறகு ஒரே நாள் விசாரணை. விலைக் குற்றத்துக்கு மூன்று வருடம்.

ஒரு மனிதனைச் சாக விட்டதற்கு ஒன்றுமில்லை. அரிசியை அதன் விலைக்கு விற்றதற்கு மூன்று வருடம்.

மோகனை விட்டுவிட்டார்கள். ஒரு காது கேட்கவில்லை, கால் விரல்களில் நகம் இல்லை, விலா உடைந்திருக்கிறது. வந்த அன்றே, நடக்க முடியாமல், இரண்டு பேர் தாங்க என் வாசலுக்கு வந்தார். "பாய் ஏன் வந்தார் அக்கா? நான் இன்னும் தாங்கியிருப்பேனே" என்று அழுதார். அவரை என்ன சொல்ல.

தெய்ன் ஹான் வீட்டுக்கும் போனேன். நம் அரிசியில்தான் அந்தப் பெண்ணின் கல்யாணம் நடக்க இருந்தது. நின்றுபோயிற்று. டோ கின் மியா, அவன் பெண்சாதி, இவர் பெயரைக் கேட்டதும் என் முகத்தில் தண்ணீரை ஊற்றிக் கதவைச் சாத்தினாள். சாத்தட்டும்.

தண்டனைச் செய்தியை அமீர் அலி காக்கா சென்னையிலிருந்து உனக்குப் போனில் சொன்னாராம், நீ லெஸ்டரில் கையெழுத்து வாங்கப் போவதாகவும் சொன்னார். அரிசியை விலைக்கு விற்றதற்காகச் சிறையில் இருக்கும் வியாபாரி, விடுதலை செய் என்று. சிறையில் பார்க்க விட்டபோது இவரிடம் சொன்னேன். இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வேண்டாம் என்று சொல். விலைக்காக இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். நான் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். என்னை நல்லவனாக்கி யாரிடமும் விற்காதே."

என்னைக் கேட்டால், நானும் ஷட்டரை அடைத்திருப்பேன். போய்ச் சொல்லியும் இருக்க மாட்டேன். உங்கள் குடும்பத்தில் பிறக்காத புண்ணியம் எனக்கு. இப்போது கடையை நான்தான் திறந்து வைத்திருக்கிறேன்.

சஜிதா


லெஸ்டர்
14 ஜனவரி 2025

அன்பு மதினிக்கு,

ஸலாம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தனியாக மூட்டை இறக்காதீர்கள். காக்காவுக்குக் கம்பளிச் சட்டை அமீர் அலி பாயிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், சிறையில் விடுவார்களா என்று கேளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மாதம் எதுவும் செய்யவில்லை. கல்லூரியில் பாடம் மட்டும் நடத்தினேன். ஒருநாள் மாணவர்களிடம், கதவுக்கு வெளியே ஒருவன் சாகிறான், உள்ளே இருப்பவன் திறக்கவில்லை, குற்றமா என்று கேட்டேன். பதில் எனக்குத் தெரியும். இங்கேயும் குற்றமில்லை மதினி. தான் வரவழைக்காத ஆபத்திலிருந்து அந்நியனைக் காப்பாற்ற வேண்டும் என்று இந்த நாட்டுச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. நானே வருடக்கணக்காக அதை நியாயம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கேப்டன் சொன்ன பதிலும் நான் சொல்லும் பதிலும் ஒன்று. அன்று வகுப்பை முடிக்க முடியவில்லை.

பிறகு கையெழுத்துக் கூட்டத்தைக் கூட்டினேன். கட்சிக்காரர்கள், வியாபாரச் சங்கத்தார், பள்ளிவாசல் ஆட்கள், இரண்டு பார்லிமெண்ட் உறுப்பினர்கள். எல்லாருக்கும் காக்காவின் கதை பிடித்திருந்தது. விரல் நசுங்கின வியாபாரி, சுதந்திரச் சந்தையின் தியாகி. ஒரு பெண்மணி அழுதார்.

அப்போது எழுந்து மீதியைச் சொன்னேன். தெய்ன் ஹான் தவழ்ந்து வந்தது, ஷட்டர், கீழ்க்கம்பி மேல் வைத்த கால், அமே என்று கூப்பிட்டது, மோகன் மனைவியிடம் சொன்ன பொய். போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று அவர் எழுதியபோது, போகாதீர்கள் என்று நான் எழுதினதையும் சொன்னேன்.

ஒரு பார்லிமெண்ட் உறுப்பினர் எழுந்து, "இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே" என்றார். தன் பெயரை அடித்துவிட்டுப் போனார். அவர் பின்னால் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். அழுத பெண்மணியும் போனார். மற்ற உறுப்பினர் இருந்தார். எங்கள் தெருக்கோடி மீன்கடைக்காரர் இருந்தார். இன்னும் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்கள் பெயரோடு, முழுக் கதையையும் எழுதித்தான் மனுவை இங்குள்ள வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பலன் இருக்குமா என்று தெரியாது. குறைவான பெயர்களுக்குக் குறைவான மரியாதைதான் கிடைக்கும்.

காக்காவை நான் நல்லவராக்கவில்லை என்று சொல்லுங்கள். விலைக்கு விற்றதற்காக ஒருவனை அடைத்து வைப்பது அநியாயம் என்பதற்கு அவன் நல்லவனாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு மிச்சமிருக்கிற கொள்கை இது ஒன்றுதான், இதை மட்டும் அவருக்காகக்கூட விட மாட்டேன்.

அவர் வேண்டாம் என்றார், நான் செய்துவிட்டேன். கோபம் வரும். வரட்டும் மதினி. வெளியே வந்து என் முகத்துக்கு நேராகத் திட்டட்டும்.

அதுவரை உங்களைப் படைத்தவனிடம் ஒப்படைத்து,
ஃபக்ருன்னிசா